ஐந்தாம் யூனிட்டைத் தொட்ட சிலபஸ்

போன வியாழக்கிழமை மதியம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை உளி வைத்து இரண்டாகப் பிளந்தோம். டிசம்பர் மூன்றாம் வாரம் மாணவர்களே கலவை குழைத்து வார்த்த கட்டி அது. பிளந்த முகத்தில், காரம் இருக்கும் இடத்தில் மட்டும் ரோஜா நிறம் காட்டுகிற பினால்ப்தலீன் கரைசலைச் சொட்டியதும் நடுவில் அடர்ந்த ரோஜா நிறம் பரவியது. விளிம்பைச் சுற்றி மட்டும் நிறம் ஏறவில்லை. அந்த வெள்ளை விளிம்பை ஸ்கேல் வைத்து அளந்தார்கள்: 4 மி.மீ. மூன்று மாதத்தில் காற்றிலிருந்த கரியமில வாயு உள்ளே போய்ச் சுண்ணாம்பின் காரத்தை மாற்றிய தூரம் அவ்வளவுதான்.

அதுதான் ஐந்தாம் யூனிட்டின் கடைசி வகுப்பு. பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மாடல் தேர்வுக்கு முந்தின வாரம் நோட்ஸைக் கையில் கொடுத்து ஓட்டாமல், ஐந்தாம் யூனிட்டை வகுப்பில் நின்று நிதானமாக முடித்தது இதுதான் முதல் தடவை. அதற்காக ஒரு சிலபஸை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. எங்கெங்கே தவறினேன் என்பது மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்கு வெளியே உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேதியியல் துறையில் இருக்கிறேன். போன ஜூனில் துறைத் தலைவர் கூப்பிட்டு, முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டாம் பருவத்தில் 2 கிரெடிட் பாடம் ஒன்று வேண்டும் என்றார். எடுப்பவர்கள் தமிழ், வரலாறு, வணிகவியல் பிள்ளைகள். வேதியியலைப் பிளஸ் டூவோடு விட்டவர்கள், சிலர் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள். நான் ‘செட்டிநாட்டுக் கட்டடப் பொருள்களின் வேதியியல்’ என்று தலைப்புக் கொடுத்தேன். கானாடுகாத்தானிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் தினம் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் அந்தப் பூச்சையும் தரைக்கல்லையும் பார்த்தே வளர்ந்தவர்கள். வேறு எதையும் தேடிப் போகத் தேவையில்லை என்று தோன்றியது.

முதல் வரைவு மூன்று இரவில் முடிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே தப்பு என்று இப்போது தெரிகிறது. துறையின் பழைய சிலபஸ் கோப்பு ஒன்றை எடுத்து, தலைப்பை மாற்றி, யூனிட்டுகளை நிரப்பினேன். முதல் யூனிட் சுண்ணாம்பின் வேதியியல், இரண்டாவது சிமென்ட், மூன்றாவது நிறமிகள், நான்காவது மரமும் உலோகமும் (பர்மா தேக்கை விட மனம் வரவில்லை), ஐந்தாவது செய்முறை. புத்தகப் பட்டியலோடு சேர்த்து ஏ4 தாளில் 14 பக்கம்.

பழைய கோப்பு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றியபோது ‘கொ’, ‘தொ’ எல்லாம் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக விழுந்துவிட்டன. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ‘கொதிநிலை’ என்று தேடினால் மட்டும் கோப்பில் அந்தச் சொல்லே இல்லை என்று வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை போனது. கண்டுபிடித்த பிறகு தேடி மாற்றும் கட்டளையில் இரண்டு குறியையும் கொடுத்து ஒரே குறியாக மாற்றினேன். பத்து நிமிட வேலை. பழைய கோப்பைக் கையில் எடுப்பவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

செப்டம்பரில் பாடத்திட்டக் குழுக் கூட்டம், நாங்கள் போர்டு என்போம். துறை ஆசிரியர்கள், வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதி, தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர். 11 பிரதி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று கேள்வியில் திரும்பி வந்தது.

முதல் கேள்வி கிரெடிட் பற்றியது. செய்முறைப் பாடம் என்று நினைத்து எல்-டி-பி கட்டத்தில் (வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பறைப் பாடம், டுடோரியல், செய்முறை என்று காட்டுவது) 0-0-2 என்று போட்டு, பக்கத்தில் 2 கிரெடிட் என்று எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியை கட்டத்தில் விரலை வைத்தார். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பறைப் பாடம் என்றால் 15 மணி நேரம், செய்முறை என்றால் 30 மணி நேரம். வாரம் இரண்டு மணி வீதம் 15 வாரம் செய்முறை நடத்தினால் கிடைப்பது ஒரு கிரெடிட்தான். பத்து சிலபஸ் பார்த்தவள் நான், என் கண்ணில் இது படவில்லை. தீர்வு 1-0-2: வாரம் ஒரு மணி பாடம், இரண்டு மணி செய்முறை, ஆக 15 வாரத்துக்கு 45 மணி. கூடுதல் ஒரு மணியைத் துறைத் தலைவர் நூலக நேரத்திலிருந்து வாங்கித் தந்தார்.

இரண்டாவது கேள்வி மேப்பிங், அதாவது பாடத்தின் ஒவ்வொரு கற்றல் விளைவும் பட்டப்படிப்பின் எந்த விளைவோடு எவ்வளவு தொடர்புடையது என்று காட்டும் அட்டவணை. ஐந்து கற்றல் விளைவு, எட்டு பட்டப்படிப்பு விளைவு, மொத்தம் 40 கட்டம். 3 என்றால் வலுவான தொடர்பு, 1 என்றால் லேசான தொடர்பு. நான் 31 கட்டத்தில் 3 போட்டிருந்தேன். “சுண்ணாம்பு நீற்றுவதற்கும் தொழில்முனைவுத் திறனுக்கும் 3 எப்படிம்மா வருது?” என்று கேட்டார் பல்கலைக்கழகப் பிரதிநிதி. நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவதைப் பழைய மாணவர் கேட்டார். “மிஸ், அஞ்சாவது யூனிட் நடக்குமா?” அவர் ஐந்தாம் யூனிட்டை நோட்ஸாக வாங்கிப் படித்துத்தான் பட்டம் வாங்கியவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வரைவைத் தொடவில்லை. மூன்று வருட வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அதே இரண்டாம் பருவத்தில் வாரம் மூன்று மணி நேரம் நான் எடுத்த ஒரு பாடம் இருந்தது. தாளில் 45 மணி. வகுப்பில் நடந்தது ஒரு வருடம் 34, ஒரு வருடம் 31, ஒரு வருடம் 36. காணாமல் போன மணிகள் எங்கே போயின என்று காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். இன்டர்னல் தேர்வுகள், விளையாட்டு விழா, பொங்கல் விடுமுறை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஊர்க் கணக்கு அதற்கு மேல். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. கல்லூரி திறந்திருந்தாலும் பையன்கள் வரிசை காலியாக இருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் ஒரு வாரம் வர மாட்டார்கள். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில். மாசி மகத்துக்கு அரளிப்பாறை மஞ்சுவிரட்டு. மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடம். அன்று பஸ்கூட ஊருக்குள் வராது. இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பால்குடம் எடுத்தவள்தான். ஆனால் இவ்வளவும் வருடா வருடம் வருகிறவை, காலண்டரில் அச்சடித்தே இருப்பவை. அப்படியிருந்தும் ஒவ்வொரு வருடமும் 45 மணிக்குத்தான் சிலபஸ் போட்டிருக்கிறேன்.

சரி, 33 மணிக்குப் பாடம் போடுவது என்று முடிவு செய்தேன். அதாவது 11 வாரம். மீதி நான்கு வாரத்துக்கு 12 மணி. தாளில் 45 காட்டியாக வேண்டும் என்பதால், அந்தப் பன்னிரண்டு மணியை எப்படி எழுதுவது என்பதைப் பிறகு யோசிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

அடுத்து, மாணவர்கள் செய்யப்போகிற ஒவ்வொன்றையும் நானே செய்து நேரம் பார்ப்பது. இந்த வேலையை வரைவு எழுதும் முன்பே செய்திருக்க வேண்டும்.

முதலில் சுண்ணாம்பு நீற்றுவது. சுட்ட கிளிஞ்சல் 2 கிலோ, சாதாரண பிளாஸ்டிக் வாளி, தண்ணீர். நானும் ஆய்வக உதவியாளர் அண்ணனும் பின்பக்க வேப்பமரத்தடியில் ஆரம்பித்தோம். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, அது தெரியும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கிளிஞ்சல் ஒவ்வொன்றாக வெடித்து மலர ஆரம்பித்தது. ஆறாவது நிமிடம் தெர்மாமீட்டர் 90 டிகிரி தாண்டியது. வாளியின் அடி மெதுவாகப் பிதுங்கியது. நல்ல வேளை, மண் தரையில் வைத்திருந்தோம். அண்ணன் மண்ணை அள்ளிச் சுற்றிலும் அணை கட்டினார். அன்றே சிலபஸின் கருவிப் பட்டியலில் ‘இரும்பு வாளி’ என்று எழுதினேன். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் ‘கட்டாயம்’ என்ற சொல்லோடு ஏறின.

நீற்றிய சுண்ணாம்பை மறுநாளே மணலோடு 1:3 குழைத்து, 5 செ.மீ. அச்சில் வார்த்து வெயிலில் வைத்தேன். நாலாம் நாள் வெடித்து, விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்கிற கொத்தனார் ஐயா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். “இது ஊறவே இல்ல டீச்சர். நேத்து நீத்தி இன்னைக்குக் குழைச்சா இப்படித்தான். வெயில்ல வேற வச்சிருக்கீங்க, அது மூச்சு விடறதுக்குள்ள காஞ்சுபோச்சு.” ஒரு மாதமாவது ஊற வேண்டும், மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், வார்த்ததை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூட வேண்டும் என்றார். அவர்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்த தண்ணீரில் குழைப்பார்கள். மேல் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் சேரும். அந்தப் பூச்சின் மேல் கையை ஓட்டினால் கண்ணாடியில் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் சிலபஸில் எது தலைகீழாக இருக்கிறது என்று புரிந்தது. செய்முறையை ஐந்தாம் யூனிட்டில் வைத்திருந்தேன். மார்ச்சில் வார்க்கிற கட்டியில் ஏப்ரல் தேர்வுக்குள் பார்க்க ஒன்றுமே இருக்காது. சுண்ணாம்புக்கு மூன்று மாதம் வேண்டும் என்றால் கட்டியை டிசம்பரிலேயே வார்த்தாக வேண்டும். டிசம்பரில் வார்க்க வேண்டும் என்றால் நவம்பரில், பருவம் தொடங்கும் முன்பே, நீற்றி ஊற வைக்க வேண்டும். பாடத்தின் முதல் வேலை முதல் வகுப்புக்கு முன்னால் இருக்கிறது. அது சிலபஸில் எழுதப்படாவிட்டால் நான் இல்லாத வருடம் யாரும் செய்ய மாட்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆத்தங்குடி. தரைக்கல் பட்டறையில் ஒரு மதியம் முழுக்க நின்றேன். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வேலை செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணியிலும் ஆக்சைடு கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் விட்டு, அச்சை ஆடாமல் மேலே தூக்கிவிடுகிறார்கள். மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவல், அதன் மேல் ஈரக் கலவை, பிறகு மட்டம். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, எழுந்து, வெயிலில் காய்கிறது. அங்கிருந்த அண்ணன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு கல் போட்டார். என்னையும் ஒன்று போட விட்டார். எனக்கு 26 நிமிடம். சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. “தண்ணியா கரைச்சிட்டீங்க டீச்சர்” என்றார். அந்த 26 நிமிடம்தான் அன்று எனக்குக் கிடைத்த முக்கியமான அளவு. 24 மாணவர்கள், ஆறு கண்ணாடி, நான்கு பேர் கொண்ட ஆறு குழு என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் குழுவுக்கு மூன்று கல், கழுவி வைக்கும் நேரம் போக. ஒரு மணி நேர வகுப்பில் இது நடக்காது. வியாழக்கிழமை கடைசி இரண்டு மணியைச் சேர்த்துக் கேட்டு வாங்கியது இந்தக் கணக்கால்தான்.

வரைவுக்குத் திரும்பியபோது கணினியைத் திறக்கவில்லை. ஒரு சார்ட் பேப்பரை மேசையில் விரித்து 15 கட்டம் போட்டு, கட்டத்துக்கு மேல் அந்த வருடத்து விழா, விடுமுறை எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தேன். கீழே பொருள்களின் நேரத்தைக் கோடாக இழுத்தேன்: சுண்ணாம்புக் கட்டிக்கு 14 வாரம், சிமென்ட் கல்லுக்கு 28 நாள். அப்போது ஒன்று தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின வியாழன் கல்லை வார்த்துவிட்டால், விடுமுறை, மஞ்சுவிரட்டு, பழனி நடை எல்லாம் அந்த 28 நாளுக்குள் வந்துவிடுகின்றன. நாங்கள் வகுப்பில் இல்லாத நாட்களிலும் கல் தண்ணீருக்குள் இறுகிக்கொண்டிருக்கும். நான் இழந்ததாக எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் பொருளுக்குத் தேவையான நாட்களாக இருந்தன. அந்தச் சார்ட்டை இன்னும் சுருட்டி வைத்திருக்கிறேன்.

புதிய வரிசை இதுதான். முதல் யூனிட்டிலேயே கை வேலை: பாதுகாப்பும் சுண்ணாம்புக் கட்டி வார்ப்பதும், இரண்டு வாரம். இரண்டாவது தரைக்கல், மூன்று வாரம். மூன்றாவது, வார்த்து வைத்தவற்றுக்குள் என்ன நடக்கிறது என்கிற பாடம், அதற்கும் மூன்று வாரம். நான்காவது நிறமிகள், ஒரே வாரம் போதும். எந்த நிறம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், எது வெளுத்துப் போகும் என்று இரும்பு ஆக்சைடையும் பூவிலிருந்து எடுத்த ஒரு சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. ஐந்தாவது உடைத்துப் பார்ப்பதும் அறிக்கை எழுதுவதும், இரண்டு வாரம். மரத்தையும் உலோகத்தையும் எடுத்துவிட்டேன். பர்மா தேக்குக்கு மட்டும் மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது.

கற்றல் விளைவுகளில் ‘புரிந்துகொள்வர்’, ‘அறிந்துகொள்வர்’ என்று இருந்ததை எல்லாம் நீக்கினேன். ‘வார்த்த கல்லின் நீர் உறிஞ்சும் அளவைக் கணக்கிட்டு, இந்தியத் தர நிர்ணயம் 1237 சொல்லும் 10 விழுக்காட்டு வரம்போடு ஒப்பிடுவர்’ என்று ஒன்று. ‘உடைத்த கட்டியில் கரியமில வாயு ஊடுருவிய ஆழத்தை அளப்பர்’ என்று இன்னொன்று. செய்தார்களா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். மேப்பிங்கில் இப்போது 3 என்பது ஏழே கட்டத்தில். 18 கட்டம் காலி. ஒவ்வொரு 3க்கும் ஒரு வரிக் காரணம் தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

புத்தகப் பட்டியலையும் நூலகத்தில் போய்ச் சரி பார்த்தேன். நான் எழுதியிருந்த ஆறில் இரண்டுதான் அலமாரியில் இருந்தன. மீதி நான்கையும் எடுத்துவிட்டு, நானே 38 பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதினேன். இந்த ஒரு வேலைக்கே மூன்று வாரம் ஆனது. ‘நீற்றுதல்’, ‘கலவை’, ‘பதம்’ என்று கொத்தனார் ஐயா சொன்ன சொற்களையே பாடத்திலும் வைத்தேன்.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது போர்டு, இந்த முறை 9 பக்கம். அந்த 12 மணியைப் பார்த்து ஒருவர், இவ்வளவு நேரம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று வருடப் பதிவேட்டின் நகலை நீட்டினேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வெளியிலிருந்து வந்த பேராசிரியையே, “களப்பணியும் மீள்பார்வையும்னு போடுங்க” என்று வழி சொன்னார். செய்முறைத் தாளுக்கு எங்கள் கல்லூரியில் உள்ள 40-60 மதிப்பெண் பிரிவு கிடைத்தது. அன்றே ஒப்புதல் ஆனது.

டிசம்பரில் ஆரம்பித்து நடந்தது 35 மணி. நான் போட்ட 33ஐ விட இரண்டு அதிகம். ஆத்தங்குடிக்கு ஒரு சனிக்கிழமை போய் வந்தோம். ஒரு குழுவின் கல் உலர்ந்த நிலையில் 1,720 கிராம், 24 மணி நேரம் ஊறிய பிறகு 1,846 கிராம். 7.3 விழுக்காடு. கணக்குப் போட்ட வணிகவியல் மாணவி 10க்குக் கீழே என்று தெரிந்ததும் கல்லை எடுத்துத் தடவிக் கொடுத்தாள். பள்ளத்தூரிலிருந்து வருகிற ஒரு பையன் தன் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில் உதிர்ந்து கிடந்த பழைய பூச்சுத் துண்டு ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தான். அதையும் உடைத்து அதே கரைசலைச் சொட்டினோம். எங்குமே நிறம் ஏறவில்லை. எங்கள் கட்டியில் 4 மி.மீ. போயிருந்த மாற்றம் அந்தத் துண்டில் முழுக்க முடிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

செலவு: சுண்ணாம்பு, மணல், சிமென்ட், ஆக்சைடு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்து 880 ரூபாய். கண்ணாடிப் பலகை ஆறுக்கு 420, தச்சர் செய்து தந்த மர அச்சு பன்னிரண்டுக்கு 540. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் 1,050. இவை அடுத்த வருடமும் உதவும். ஆத்தங்குடி வேன் 3,200. போர்டு பிரதிகள் இரண்டு முறையும் சேர்த்து 253. மொத்தம் 6,343, மாணவருக்கு 264 ரூபாய். இரும்புச் சட்டமும் பூ அச்சும் பட்டறையிலிருந்து இரவல்.

அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள். மூன்றாம் யூனிட் இன்னும் நீளம்; சிமென்ட் பகுதியில் ஒரு வாரத்தைக் குறைத்து, கடுக்காய் சேர்த்த கட்டி, சேர்க்காத கட்டி என்று இரண்டு வகை வார்க்கக் கொடுக்கப் போகிறேன். வேனை முன்கூட்டியே, பட்டறைக்கு வேலை குறைந்த நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொழில்துறைப் பிரதிநிதியாக அடுத்த போர்டுக்கு அந்தக் கொத்தனார் ஐயாவை அழைக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, மறுபடி கேட்பேன்.

ஊறுகிற காலம் ஒரு மாதம் போதவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால் நேற்றே 15 கிலோ வாங்கி, நான்கு மாணவர்களோடு இரும்பு டிரம்மில் நீற்றிவிட்டோம். ஆய்வகத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் மூடி போட்டு இருக்கிறது. மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். டிசம்பர் வரை அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உதவியாளர் அண்ணன் சாக்பீஸால் டிரம்மில் தேதி எழுதி வைத்திருக்கிறார்.